ஓரியூர் வழக்கு

தலையை வெட்ட வந்தவன் முதலில் வெட்டியது ஒரு கயிற்றை. கொல்லப்பட இருந்தவரின் கழுத்தில் புனிதப் பண்டம் அடங்கிய சிறு சிமிழ் ஒன்று தொங்கியது. ஊரை மயக்கி வைத்திருக்கும் மந்திரம் அதற்குள்தான் இருக்கிறது என்று அவன் நம்பினான். கையால் தொட அஞ்சினான். வாளாலேயே கயிற்றை அறுத்தபோது அது உடம்பிலும் பாய்ந்தது. அதற்குப் பிறகுதான் கழுத்து. தலை விழுந்ததும் கைகளையும் கால்களையும் வெட்டி, உடலைக் கம்பத்தில் கட்டி வைத்தார்கள். நாள் 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. இடம் மறவர் சீமையில் பாம்பாற்றங்கரையில் இருக்கும் ஓரியூர். இன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில், திருவாடானைப் பக்கம்.

கொல்லப்பட்டவர் ஜான் டி பிரிட்டோ, போர்ச்சுகல் நாட்டுச் சேசு சபைக் குரு. தமிழில் அருளானந்தர். கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது 1947 ஜூன் 22 அன்று. இடையில் 254 ஆண்டுகள். ஆள் கொல்லப்பட்டதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. நேரில் பார்த்தவர்கள் இருந்தார்கள். சாவதற்கு முந்தைய நாள் அவரே எழுதிய கடிதமும் இருந்தது. பிறகு ஏன் இத்தனை தாமதம்? ஓரியூரில் அவரை எதற்காகக் கொன்றார்கள் என்பது ஒரு கேள்வி. ரோமில் அவருடைய கோப்பு எங்கே சிக்கிக்கொண்டது என்பது இன்னொன்று. தனித்தனியாகத் தெரியும் இந்த இரண்டும், உள்ளே போகப் போக ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன. எது சமயம், எது ஊர் வழக்கம் என்று கோடு கிழிக்கும் அதிகாரம் யாருக்கு?

சான்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த நிகழ்வைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் சேசு சபையினர் எழுதிய கடிதங்களிலிருந்து வருவது. அரண்மனைத் தரப்பு தன் வாயால் பேசி நாம் கேட்பதில்லை. எனவே வாதியின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரதிவாதியின் மனத்தை ஊகிக்கும் வேலை இது.

காவி உடுத்த அரண்மனைப் பிள்ளை

பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் அரண்மனைச் சேவகத்தில் இருந்தார். பின்னாளில் அரசரான இரண்டாம் பெட்ரோ அவருடைய விளையாட்டுத் தோழர். கடும் நோயில் விழுந்த மகனுக்காகத் தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பையன் பிழைத்ததும் நேர்ச்சைப்படி ஓராண்டு சேசு சபை அங்கியை அணிந்தே அரண்மனையில் நடமாடினான். மொட்டை போடுவதும் காவடி எடுப்பதும் தெரிந்த நமக்கு இந்தத் தாயைப் புரிந்துகொள்வது கடினமில்லை. நேர்ச்சை முடிந்த பிறகும் அந்த அங்கி அவரை விடவில்லை. 1662இல் சபையில் சேர்ந்தார். 1673இல் கோவாவுக்குக் கப்பலேறி, மறு ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்.

மதுரை மிஷன் அப்போதே எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பரங்கி என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் இங்கே ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள் என்று கண்டுகொண்டு, பிராமணச் சந்நியாசியைப் போல உடுத்து, உண்டு, வாழ்ந்தார். கூட இருந்த குருக்களே புகார் எழுதினார்கள். பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி 1623இல் அந்த முறைக்கு அனுமதி கொடுத்தார். ஆனால் பிராமணச் சந்நியாசியால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. அதனால் 1640ஐ ஒட்டி இன்னொரு வகைத் துறவியர் உருவானார்கள். அவர்கள் பண்டாரசாமிகள். இவர்கள் மேல் சாதி என்றும் கீழ்ச் சாதி என்றும் சொல்லப்பட்ட இரு சாராரிடமும் பழகலாம். பிரிட்டோ எடுத்துக்கொண்டது இந்தக் கோலத்தைத்தான். காவி உடை, தலைப்பாகை, மரக்குறடு. இறைச்சி இல்லை, மது இல்லை, பெயரும் அருளானந்தர்.

வேஷம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடக் கூடியதல்ல இது. பின்னால் போர்ச்சுகலுக்குத் திரும்பிப் போனபோதும், பழைய தோழர் அரசராக இருந்த லிஸ்பனிலேயே, அவர் மரக்கறி உணவைத்தான் உண்டார். பார்க்கத் தமிழர் யாரும் இல்லாத இடத்திலும் கலையாத ஒன்றை வேஷம் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமில் மறுபடி வரும்.

முதல் கைது, முதல் எச்சரிக்கை

மறவர் சீமை அப்போது ரகுநாத கிழவன் சேதுபதியின் ஆட்சியில் இருந்தது. பெயரளவில் மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர். உள்ளபடி தனி அரசர். கிறிஸ்தவப் போதகர்களை அங்கே வரவேற்கவில்லை. 1686இல் பிரிட்டோ உள்ளே நுழைந்து ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில், உபதேசியார்களோடு சேர்த்துப் பிடிபட்டார். தளவாய் குமாரப் பிள்ளையின் ஆட்கள் அவரைக் கயிற்றில் கட்டிக் குளத்தில் அமுக்கி எடுத்தார்கள். வெயிலில் கொதிக்கும் பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். சிவன் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள் என்கின்றன கடிதங்கள்.

மரண தண்டனை காத்திருந்த நிலையில் ராமநாதபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. சேதுபதி அவரை விசாரித்தார், போதனையைக் கேட்டார், விடுதலை செய்தார். ஒரே ஒரு நிபந்தனை: இந்தச் சீமையில் இனிப் பிரசாரம் கூடாது.

வழக்கைப் பார்க்கிறவர்கள் பலரும் இந்த இடத்தை விரைவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் மையமாகப் படுகிறது. கிறிஸ்தவத்தின் மீது தீராத வன்மம் கொண்ட ஓர் அரசராக இருந்திருந்தால், கையில் கிடைத்த குருவை 1686லேயே முடித்திருப்பார். அவர் முடிக்கவில்லை. அதே சமயம், 1693இல் அவர் முன்னால் நின்றவர் எச்சரிக்கையை மீறித் திரும்பி வந்தவர். எந்த அரசவையும் இரண்டாவது முறை வருகிறவனை முதல் முறை வந்தவனைப் போல நடத்தாது.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சபையின் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, 1687இல் லிஸ்பன் சேர்ந்தார். அரசர் பெட்ரோ அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். அவர் பிடிவாதமாக 1690இல் மறுபடி கப்பலேறினார். கோவா, மதுரை மிஷன், பிறகு மீண்டும் மறவர் சீமை.

ஐந்து மனைவியரும் ஒரு ஞானஸ்நானமும்

தடியத் தேவர் மறவர் சீமையின் தலைவர்களில் ஒருவர். சேதுபதி பட்டத்துக்கே உரிமை உள்ள கிளையைச் சேர்ந்தவர் என்று கடிதங்கள் குறிக்கின்றன. கடும் நோயில் கிடந்தவருக்கு ஓர் உபதேசியார் வந்து நற்செய்தி வாசித்து ஜெபித்தார், நோய் நீங்கியது. ஞானஸ்நானம் வேண்டும் என்று தடியத் தேவர் கேட்டார். பிரிட்டோ உடனே தரவில்லை. தேவருக்கு மனைவியர் ஐவர். ஒருவரை வைத்துக்கொண்டு நால்வரை விலக்க வேண்டும் என்றார். தேவர் ஒப்புக்கொண்டார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி. சேதுபதியின் நெருங்கிய உறவுக்காரப் பெண். அவர் அரண்மனைக்குப் போய் முறையிட்டார். ஜனவரி 8ஆம் தேதி பிரிட்டோ கைதானார். அதாவது இரண்டே நாள்.

வாழ்க்கை வரலாறு எழுதியவர்களுக்கு இங்கே ஓர் உவமை கையில் தயாராக இருந்தது. ஏரோது, ஏரோதியாள், திருமுழுக்கு யோவான். மன்னனின் தகாத திருமணத்தைக் கண்டித்தவரின் தலை, ஒரு பெண்ணின் கோபத்தால் போனது. பிரிட்டோவின் பெயரான ஜானும் யோவான்தான் என்பதால் கை தானாக எழுதிவிடுகிறது. ஆனால் கடலாயியை ஏரோதியாளாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏரோதியாள் செய்தது சட்டத்துக்குப் புறம்பான திருமணம். கடலாயியின் திருமணம் அந்தச் சீமையின் முறைப்படி நடந்த திருமணம். எங்கிருந்தோ வந்த ஒருவர் வகுத்த விதியின்படி ஒரே நாளில் அவர் மனைவி இல்லை என்றாகிவிட்டார். விலக்கப்பட்ட பெண்களுக்கு ஜீவனத்துக்குக் குறைவு வராது என்று தேவர் சொன்னதாகச் சொல்கிறார்கள். சோறு போடுவதாகச் சொன்னால் அவமானம் தீர்ந்துவிடுமா? விலக்கப்பட்ட மற்ற மூவரைப் பற்றிக் கதை சொல்கிறவர்கள் வாயே திறப்பதில்லை. அவர்களுக்கு ஓடிப்போய் முறையிட அரண்மனையில் உறவு இல்லை, அவ்வளவுதான்.

சேதுபதியின் இடத்தில் நின்று பார்த்தால் காட்சி இன்னும் மாறுகிறது. பாளையத் தலைவர்களின் வீடுகளில் திருமணம் என்பது உடன்படிக்கை. 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது 47 மனைவியர் உடன்கட்டை ஏறினார்கள் என்று ஒரு சேசு சபைக் கடிதம் பதிவு செய்கிறது. ஒவ்வொரு மனைவியும் ஏதோ ஒரு குடும்பத்தோடு, ஏதோ ஒரு கோட்டையோடு கட்டிய முடிச்சு. இந்தக் கணக்கில், பட்டத்துக்கு உரிமை கோரக்கூடிய ஒரு தலைவர் அரச குடும்பத்துப் பெண்ணை வெளியே அனுப்புகிறார் என்றால் அதன் பொருள் என்ன? அதே தலைவர், படைவீரர்களிடையே பரவிக்கொண்டிருக்கும் ஒரு புதுக் கூட்டத்தில் சேருகிறார் என்றால்? பிரிட்டோவுக்கு அது ஓர் ஆன்மாவின் மனமாற்றம். அரண்மனைக்கு அது கட்சி மாறுதல்.

மதுரையில் அப்போது ராணி மங்கம்மாளின் ஆட்சி. அங்கே சேசு சபையினர் பெரிய தொல்லை இல்லாமல் நடமாடினார்கள். ராமநாதபுரத்தில் மட்டும் ஏன் தலை போனது என்று கேட்டால், விடை போதனைக்குள் மட்டும் இருக்க முடியாது.

கரியால் எழுதிய கடிதம்

ராமநாதபுரம் கொண்டுபோய் வெளிப்படையாகக் கொல்லச் சேதுபதி தயங்கினார். படையில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், கலகம் வரலாம். நாடுகடத்துவதாக அறிவித்து ஓரியூருக்கு அனுப்பினார். ஓரியூர்ச் சீமையை ஆண்டுவந்த தம்பிக்கு ரகசியமாக வேறு கட்டளை போனது. தம்பியோ நோயாளி. வந்திருக்கும் சாமியார் மந்திரத்தால் தன்னைக் குணப்படுத்துவார் என்ற ஆசையில் அவர் காரியத்தைத் தள்ளிப்போட்டார் என்றும், அவருடைய அமைச்சர் விடாமல் நெருக்கினார் என்றும் கதை போகிறது. தன்னிடம் மந்திரம் எதுவும் இல்லை என்று பிரிட்டோ சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 3, சிறையில் மை இல்லை. கரித்தூளைத் தண்ணீரில் குழைத்து, குச்சியால் தொட்டு எழுதினார். ஒரு கடிதம் மிஷனைச் சேர்ந்த பிரான்சிஸ் லைனஸ் அடிகளுக்கு. அதில் தன்மீது சாட்டப்பட்ட குற்றத்தை அவரே சொல்கிறார்: கடவுளின் நெறியைப் போதித்தேன், சிலைகளை வணங்கலாகாது என்றேன், அவ்வளவுதான் குற்றம் என்கிறார். கடலாயியைப் பற்றி அங்கே பேச்சில்லை, தடியத் தேவரின் பட்டத்து உரிமை பற்றியும் இல்லை. நற்குணமே குற்றம் என்றால் அதற்காகத் துன்பப்படுவது பெருமை என்பது அவருடைய மனநிலை.

பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்பது அவருக்கு வேதத்தின் பகுதி. அதைப் போதித்ததற்காகச் சாவது வேதத்துக்காகச் சாவது. கட்டளையிட்டவருக்கோ அது குடும்பத்தின் மானமும் அரசின் பத்திரமும். ஒரே செயலுக்கு இரண்டு குற்றப்பத்திரிகைகள் இருந்தன. செத்தவரின் பிரதி மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 22 அன்று வந்தது. நாட்காட்டிக் கணக்கின்படி ஈஸ்டர் அதற்கு முன்னால் வரவே முடியாது. எனவே தவக்காலமும் வரக்கூடிய மிக முந்திய நாளில் தொடங்கியது. பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். பழைய தலைமுறைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதை விபூதிப் புதன் என்பார்கள். விபூதி என்ற அந்தச் சொல், அடுத்த நூற்றாண்டில் ரோமில் எவ்வளவு பெரிய தலைவலி ஆகப்போகிறது என்று பார்ப்போம்.

ரோமில்

கத்தோலிக்கத் திருச்சபை ஒருவரை மறைசாட்சி என்று ஏற்பதற்கு, அவர் விசுவாசத்தின் மீதான பகையால் கொல்லப்பட்டார் என்று நிறுவ வேண்டும். அரசியல் கொலை போதாது, வீரச்சாவும் போதாது. இதை எதிர்த்து வாதாடுவதற்கென்றே 1983 வரை ஓர் அலுவலர் இருந்தார். மக்கள் வழக்கில் அவருக்குப் பெயர் பிசாசின் வக்கீல்.

அந்த அலுவலகத்துக்கு, மேலே நாம் பார்த்த கடலாயி விவகாரமே போதுமான தீனி. ஆனால் கோப்பை நிறுத்தியது அது இல்லை. பிரிட்டோவின் காவிதான் நிறுத்தியது.

நடந்தது இப்படி. 1703 நவம்பரில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் சீனா போகும் வழியில் புதுச்சேரியில் இறங்கினார். உடல்நலம் சரியில்லாததால் உள்நாட்டு மிஷன்களை நேரில் போய்ப் பார்க்கவில்லை. புதுச்சேரியில் இருந்தபடியே விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை வெளியிட்டார். அதன் பட்டியலைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்குத் தன் வீட்டு முற்றத்தை அயலான் ஒருவன் அளந்து குறிப்பெடுப்பது போல இருக்கும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. மஞ்சள் பூசிய 108 இழை கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. மாதவிலக்கான பெண்ணைத் தேவாலயத்துக்கு வராதே என்று தடுக்கக் கூடாது. பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் குரு உள்ளே போக மறுக்கக் கூடாது. சாணச் சாம்பலை நெற்றியில் இடக் கூடாது.

ஒரே ஆணைக்குள் எவ்வளவு கலவை பாருங்கள். தேங்காய் விஷயத்தில் தூர்னோன் ஒன்றும் புரியாத வெளியாள். பறையர் வீட்டு வாசலில் அவர் நின்றது சரியான பக்கத்தில். சாதியை ஊர் வழக்கம் என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்ட மிஷனின் மெத்தனத்தை அவர் தொட்டுவிட்டார். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் அப்போது இரு தரப்புக்குமே இருந்ததாகத் தெரியவில்லை. தடையை எதிர்த்துச் சேசு சபைக்காக ரோமுக்குப் போய் வாதாடி எழுதியவர் யார் தெரியுமா? கரியால் எழுதிய கடிதத்தைப் பெற்ற அதே பிரான்சிஸ் லைனஸ். பின்னர் அவர் மயிலாப்பூர் ஆயரானார்.

இப்போது பிரிட்டோவின் கோப்பு எங்கே நிற்கிறது என்பது விளங்கும். பண்டாரசாமியாக வாழ்ந்தவர் தடைசெய்யப்பட்ட பழக்கங்களைக் கைக்கொண்டவர் ஆயிற்றே. மூடச் சடங்குகளில் பங்கெடுத்த ஒருவரைப் பீடத்தில் ஏற்றலாமா? ஓரியூரில் அவரைக் கொன்றதற்குச் சொன்ன காரணம், இந்த நாட்டுத் தெய்வங்களை அவர் மறுத்தார் என்பது. ரோமில் அவரைத் தடுத்ததற்குச் சொன்ன காரணம், இந்த நாட்டுச் சடங்குகளை அவர் மறுக்கவில்லை என்பது.

1741 ஜூலை 2 அன்று பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் தீர்த்து வைத்தார். அவர் சாதாரணமானவர் இல்லை. பாப்பரசர் ஆவதற்கு முன் சுமார் இருபது ஆண்டுகள் பிசாசின் வக்கீலாகவே வேலை பார்த்தவர். பிரிட்டோ கைக்கொண்டவை குடியியல் வழக்கங்களே, அவை வழக்கை நடத்தத் தடையில்லை என்று ஆணையிட்டார். நல்லது. மூன்றே ஆண்டு கழித்து, 1744 செப்டம்பர் 12 அன்று, அதே பெனடிக்ட் மலபார்ச் சடங்குகள் மீதான தடையை உறுதிசெய்து பெரிய ஆணை ஒன்றை வெளியிட்டார். மலபார் என்பது அன்றைய ஐரோப்பியர் வாயில் தமிழகத்துக்கும் சேர்த்து வழங்கிய பெயர். ஆக, பிரிட்டோ செய்ததற்காக அவரைத் தடுக்கக் கூடாது; அவரைப் போல இனி யாரும் செய்யவும் கூடாது. சட்டம் படித்தவர்கள் இதில் முரண்பாடு இல்லை என்பார்கள். இறந்தவருக்கு மன்னிப்பு, இருப்பவர்களுக்கு எச்சரிக்கை. எனக்கு இது, பாட்டனாரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவர் தொழிலை மட்டும் பேரனுக்கு விலக்கி வைக்கும் குடும்பத்தை நினைவூட்டுகிறது.

அப்புறம் கோப்புக்கே ஆதரவில்லாமல் போனது. 1773இல் சேசு சபை ஒட்டுமொத்தமாகக் கலைக்கப்பட்டது. வழக்கை நடத்தும் வாதியே இல்லை என்ற நிலை. 1814இல் சபை மீண்டும் உயிர்பெற்றது. 1853 ஆகஸ்டு 21 அன்று பாப்பரசர் ஒன்பதாம் பயஸ் பிரிட்டோவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவர் பட்டத்தைக் கொடுத்தார். இந்தியாவுக்கு வரும் மிஷனரிகள் மலபார்ச் சடங்குகளுக்கு எதிராகச் செய்ய வேண்டியிருந்த சத்தியப்பிரமாணத்தை ரோம் கைவிட்டது 1940 ஏப்ரலில்தான். ஏழு ஆண்டுகள் கழித்து, இந்திய விடுதலைக்கு இரண்டு மாதம் கூட இல்லாத நேரத்தில், பன்னிரண்டாம் பயஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். பிரமாணம் போன பிறகு பட்டம் வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போது அப்படி நம்பச் சற்றுச் சிரமமாக இருக்கிறது.

தீர்ப்பு

விசுவாசத்துக்காகச் செத்தாரா, அரண்மனைக் குடும்பச் சண்டையில் செத்தாரா? திருச்சபை முதலாவதைச் சொல்லிவிட்டது; அதன் அளவுகோலில் அது சரியான தீர்ப்பே. தப்பிக்க வழி இருந்தும் அவர் பின்வாங்கவில்லை. 1686இல் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும், 1690இல் லிஸ்பனில் தங்கியிருந்தால் போதும். வரலாற்று அளவுகோலில் என் தீர்ப்பு வேறு. கடலாயியின் திருமணம் குறுக்கே வராவிட்டால் 1693இல் அவர் கைதாகியிருக்கமாட்டார். 1686இன் எச்சரிக்கை இல்லாவிட்டால் கைதானவரைக் கொன்றிருக்கமாட்டார்கள். தடியத் தேவருக்குப் பட்டத்து உரிமை இல்லாவிட்டால் சேதுபதி இவ்வளவு அவசரப்பட்டிருக்கமாட்டார். இந்த மூன்றிலும் அரசியல் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றுக்குள்ளும் பிரிட்டோவைக் கொண்டுபோய் நிறுத்தியது அவருடைய விசுவாசம்தான்.

இன்று ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பிரிட்டோ என்று பெயருள்ள பையன்கள் உண்டு. லிஸ்பனில் குடும்பப் பெயராக இருந்தது இங்கே இட்ட பெயராகிவிட்டது. அருளானந்தம் என்ற பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓரியூரில் அவர் ரத்தம் சிந்திய இடத்தின் மணல் சிவப்பாக இருக்கிறது. ரத்தத்தால் சிவந்தது என்பது நம்பிக்கை. திருநாளுக்கு வருகிறவர்கள், கத்தோலிக்கர் மட்டுமல்ல, அதைக் கொஞ்சம் அள்ளிப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். தூர்னோன் புதுச்சேரியில் நிற்காமல் ஓரியூர் வரை வந்து இதைப் பார்க்க நேர்ந்திருந்தால், தன் பட்டியலில் எந்த வரிசையில் சேர்த்திருப்பார் என்று யோசித்துக்கொண்டேதான் நானும் ஒரு பொட்டலம் கட்டினேன்.